நடுவில் விழுந்த துடிப்பு

காலையில் பல் தேய்க்குமுன்னே மிக்கேல் மணிக்கட்டுப் பட்டையை அழுத்துவார். பச்சை விளக்கு எரிந்தால் மனைவி சலேத்தம்மாள் உயிரோடிருக்கிறாள். அடுப்படியில் அவள் பாத்திரம் உருட்டுவது காதில் விழுந்தாலும் அழுத்துவார். தூத்துக்குடியில் பாதிப்பேருக்கு இப்போது நெஞ்சில் இதயப்பெட்டிதான், அவளுக்கும். கடற்கரைக் கோபுரம் இணையவலை வழியே துடிப்பை அனுப்பும், பெட்டி அடிக்கும். கோபுரத்தை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. அதனால்தான் சந்தையில் அந்தப் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் இருமத் தொடங்கியதிலிருந்து பட்டையை விட்டு விரலே எடுக்கவில்லை.

நேற்று அவள் குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

பெட்டி பழுதுபார்க்கும் நிலோபர் வந்து திரையை விரித்தாள். "பெட்டியை ஓட்டுற டிரைவர் நிரல்லயே வரவு போக்கைக் குறிச்சு வைக்கிற பொதுத் தடப்புள்ளி இருக்கு, தாத்தா. உள்ள எத்தனை வந்துச்சு, வெளிய எத்தனை போச்சுன்னு எண்ணிக் காட்டும். ரெண்டும் சரியாத்தான் இருக்கு."

"சரியா இருந்தா அவ ஏன் விழுதா?"

"நடுவுல நடக்குறதை அது சொல்லாது. அதுக்கு நானே தனித் தடப்புள்ளி எழுதி வைக்கணும். டிரைவரைக் கழத்தி மாட்டணும். அதுவரைக்கும் பெட்டி நிக்கும்."

"நெஞ்சை நிறுத்துவியா? ஊருக்கெல்லாம் உள்ளது எங்களுக்குப் போதும். நீ கெளம்பு."

கட்டிலில் கிடந்தவள் தலையைத் தூக்கினாள். "நெஞ்சு எனக்கா, ஒமக்கா? நீரு சும்மா இரும். நீ கழத்து தாயி."

நிலோபர் கழற்றினாள். சலேத்தம்மாளின் உதடு வெளுத்தது. மிக்கேல் பட்டையை அழுத்தினார். விளக்கில்லை. மறுபடி அழுத்தினார். "மாட்டு! மாட்டுதியா இல்லையா?" என்று கத்தினார். நிலோபர் தன் புள்ளியை எழுதி மாட்டியதும் சலேத்தம்மாள் விக்கி மூச்சிழுத்தாள்; அதன் பிறகும் பட்டையை அழுத்தும் அவர் விரல் நிற்கவில்லை.

நிலோபர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரோ பெட்டிகிட்ட 'ஓடுதா, ஓடுதா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. பதில் சொல்லப் போயி அது ஒரு துடிப்பைக் கீழ போட்டுடுது. பதிலும் வெளிய போறதால கணக்கு நேராயிடுது. பொதுப்புள்ளிக்குத் தெரியல."

பிறகு அவள் பார்வை அவர் மணிக்கட்டில் வந்து நின்றது.

மிக்கேல் பட்டையை அவிழ்க்கப் பார்த்தார். பல்லால் கடித்துப் பிய்த்தார்.

மறுநாள் விடிந்தது. அடுப்படியில் சத்தமே இல்லை. விரல் போய் வெறும் தோலை அழுத்தியது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சலேத்தம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இதென்ன புதுசா? அடுப்படிக்கெல்லாம் வாரீரு?"