இன்னும் தூங்காத கரடி

புத்தகம் அன்றும் ஒரு பக்கம் முன்னதாகவே முடிந்துவிட்டது.

"கரடி இன்னும் தூங்கலப்பா," என்றாள் மகள், போர்வைக்குள்ளிருந்து கணக்குக் கேட்கும் அதிகாரியைப் போல.

"கரடி லீவு போட்டிருக்குடி செல்லம். நாளைக்கு வரும்."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

நான்கு வயதில் இவ்வளவு ஞாபகசக்தி எதற்கு என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. குழந்தைகளைத் தூங்கவைப்பதற்கென்றே வரைந்த படப் புத்தகம் அது. பக்கத்துக்கு ஒரு விலங்கு, விலங்குக்கு ஒரு கட்டில். கோழிக்குஞ்சு, முயல், ஆடு எல்லாம் ஒரே வரியில் தூங்கிவிடும் சமத்துகள். மகள் ஒவ்வொன்றின் கண்ணையும் உள்ளங்கையால் பொத்தி, "தூங்கு," என்பாள், பக்கம் புரளும். கரடிதான் வம்பு. முதலில் தண்ணீர் கேட்கும். பிறகு முதுகைச் சொறியச் சொல்லும். கடைசியாக, கட்டிலுக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் அதற்கு. அதை மசியவைக்கப் பக்கம் முழுக்க எழுத்து. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி போட்டதிலிருந்து இந்த வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. டிவியில் மேட்ச் வேறு. கரடியின் தாளை முந்தின தாளோடு சேர்த்துப் புரட்டுவதில் அவன் விரல்கள் பட்டமே வாங்கியிருந்தன.

"எத விட்டாலும் கரடிய மட்டும் விட்டுடாதீங்க," என்று முதல் நாளே மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். பிள்ளை அழும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஒருவழியாக மகள் தூங்கிப்போனாள். அவன் பூனை மாதிரி எழுந்து கதவருகே போனபோது ஹாலில் யாரோ கொட்டாவி விட்டார்கள். டிவியாக இருக்கும் என்று தோன்றியது. டிவியை அவன் இன்னும் போடவே இல்லை.

அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையில் கரகரவென்று உருண்டு, முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிட்ட கொட்டாவி அது. பல நாளாகத் தூக்கத்துக்கு ஏங்கிக் கிடப்பதன் கொட்டாவி. அதன் பின்னாலேயே நனைந்த கம்பளியின் வாடையும் புளித்த தேனின் வாடையும் ஒன்றாகக் கலந்து, கதவிடுக்கு வழியாக அவன் பாதங்களின் மேல் ஊர்ந்து வந்தன. தூக்கம் கெட்ட பிள்ளை வீட்டை எப்படி இரண்டாக்கும் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளை இந்தக் கொட்டாவியின் அளவு இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவன் விரும்பவில்லை.

சமையலறைக் குழாய் திறந்தது. நக்கி நக்கித் தண்ணீர் குடிக்கும் சத்தம், நெடுநேரம்.

பிறகு ஹால் சுவரில் எதுவோ முதுகைத் தேய்த்தது. சரக். சரக். போட்டோச் சட்டம் ஒன்று விழுந்து உடைந்தது.

தண்ணீர் ஆயிற்று. முதுகு ஆயிற்று.

அடுத்தது கட்டில்.

அவன் கதவைத் தாழிட்டுவிட்டுப் புத்தகத்தின் மேல் பாய்ந்தான். கரடியின் பக்கத்தில் கரடி இல்லை. விலக்கிப்போட்ட போர்வை. பள்ளம் விழுந்த தலையணை. நைட் லாம்ப் வெளிச்சத்தில் எழுத்துகளைத் தேடிப் பிடித்தான். ஒரு வரி விடாமல் முணுமுணுத்தான். பட்டம் வாங்கிய விரல்களை விரித்து, வெறும் தலையணைப் படத்தைப் பொத்தினான்.

"தூங்கு."

காகிதம் கதகதப்பாக இருந்தது.

வெளியே சத்தம் நின்றது. வாடை நிற்கவில்லை. அறைக்குள் கூடியது.

மகளின் கட்டிலுக்கு அடியில் கொட்டாவி.

"பாப்பா..." என்று கட்டிலின் மேல் குனிந்தான்.

கட்டிலின் மறுபக்கத்திலிருந்து ஒரு கை எழுந்தது. கறுத்த ரோமம். முறம் அளவு உள்ளங்கை. அது மகளின் கண்களைப் பொத்தியது, மெதுவாக. கண்களை மட்டும் பொத்தும் அளவுக்கு அது சிறியதல்ல.

"தூங்கு," என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து, மகள் சொல்வதைப் போலவே, செல்லமாக.

இன்னொரு கை, படுக்கையைத் தடவித் தடவி, அவன் முகத்தைத் தேடி வந்துகொண்டிருந்தது.