சுமைதாங்கிக் கல்

கடல் வற்றம் விட்ட சேற்றில் காலடிகள் கிடந்தன. பாதங்கள் சிறியவை. ஆனாலும் தலையில் பெரும்பாரத்தோடு நடந்தவருடையவை போலக் கணுக்கால் ஆழம் புதைந்திருந்தன. தெற்குக் கரையிலிருந்து வந்து, சுமைதாங்கி இருந்த இடத்தில் நின்று சேற்றை மிதித்துக் குழப்பிவிட்டு, சண்முகரத்தினத்தின் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

மலாயாவில் கிள்ளான் ஆற்றுவாய்க்கு வெளியே கிடந்த அந்தத் தீவில் அவன் கம்பெனியின் வரைபடக்காரன். வடக்கே படகுத்துறைக்கு எழுந்த கல்லணை அவன் போட்ட கோடுதான். அணை வந்ததும் தெற்குக் கரைக்கு மணல் வருவது நின்றது. கரையைப் பிடித்திருந்த கண்டல் மரங்களையும் விறகுக்கு வெட்டித் தீர்த்தார்கள். கடல் கரையைத் தின்றது.

தெற்கில்தான் மனைவி புனிதவதியைப் புதைத்திருந்தான், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு. அன்று அலைக்கும் அவளுக்கும் இடையே அறுபது அடி. இப்போது நான்கு. குழியை மேட்டுக்கு மாற்ற அனுமதி கேட்டுக் கம்பெனித் துரைக்கு மூன்று முறை எழுதிவிட்டான். பதில் இல்லை.

சூலியாகச் செத்தவளின் பாரம் இறங்க வழியோரம் கல் நடுவது வழக்கம். அணைக்கு வந்த கல்லில் மூன்றைக் கெஞ்சி வாங்கி, இரண்டை நட்டு, ஒன்றைக் குறுக்கே கிடத்தியிருந்தான். நேற்று அதையும் பெயர்த்துவிட்டார்கள்.

கங்காணி நாகையா முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அணைக்குக் கல்லு பத்தலைங்க. அது கம்பெனிக் கல்லுதானேன்னு தொரை சொல்லிட்டாரு. படம் போடுற கிராணி காகிதத்த வச்சே அலையத் தடுக்கட்டுமேன்னு சிரிச்சாரு."

"உம்மட பெண்சாதிக்கு நட்டதெண்டால் பெயர்த்திருப்பீரோ?"

நாகையா அணைப் பக்கம் நடந்தார்.

அந்திக் கடலேற்றத்துக்கு முன் தெற்கே போனான். கரை சரிந்து குழி திறந்து கிடந்தது. உள்ளே கலங்கிய நீர். கழியை விட்டுத் துழாவினான். அடித்தரை தட்டியது. வேறெதுவும் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து தாழிட்டான். பலகைத் தரைக்கு அடியில் ஏற்றநீர் கால்மரங்களை நக்கும் ஒலி, நண்டுகள் சுரண்டும் ஒலி, அழுகிய இலைச் சேற்றின் வாடை. அதனூடே வேப்பெண்ணெய் மணம். ஏழாம் மாதத்தில் அவள் வயிற்றில் தடவியது.

படியில் ஓர் அடி. பலகை முனகியது.

இன்னொன்று.

மூச்சு வாங்கும் சத்தம்.

"இஞ்சேருங்கோ." கதவுக்கு வெளியே களைத்த குரல். "இறக்கிவைக்க ஒரு இடமும் இல்லை. ஒரு கை பிடியுங்கோ."

தாழை விலக்கியது யார் கை என்று அவனுக்குத் தெரியவில்லை. வாசலை அடைத்தபடி ஒரு தலையும் அதன்மேல் ஈர மூட்டையும் குனிந்தன.

அவன் கைகள் உயர்ந்தன. மூட்டை அவற்றின்மேல் இறங்கியது.

கல்லின் கனம்.

உள்ளிருந்து அவன் உள்ளங்கையை ஏதோ உதைத்தது.