காயாத கல்

பூச்சு வேலை முடிந்து பத்து நாளாகியும் அந்த ஓர் இடம் மட்டும் காயவில்லை.

புதுக் குளியலறையின் நடுவில் வடக்கு தெற்காகப் பதித்திருந்த கருங்கல் அது. பத்ருன்னிசா காலையில் பழந்துணியால் ஒற்றி எடுப்பாள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் மறுபடி கசிந்திருக்கும்.

"சித்திரை வெயிலுக்கே காயலன்னா எப்பதான் காயும் கொத்தனாரே?"

"கடக்கரைக் காத்தும்மா, உப்பு ஈரம். காஞ்சிடும்," என்றார் கோவிந்தராசு. கல்லைப் பார்க்காமலே சொன்னார்.

எட்டு வருஷமாகச் சைகோனில் கடை நடத்தும் கணவர் ஜெய்னுலாபுதீன் ஊர் திரும்புகிறார். மகள் மஹ்பூபா வயிற்றில் இருந்தபோது கப்பலேறிய மனிதர். அங்கே தான் குளிக்கும் அறையைப் படமாக வரைந்து, 'இனிக் கிணற்றடியில் நின்று குளிக்க மாட்டேன், இதுபோல ஒன்று கட்டி வை' என்று எழுதியிருந்தார். அவளும் படத்தைவிட ஒரு படி மேலேதான் செய்தாள். உடைந்த பீங்கான் தட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தாள்; அந்தச் சில்லுகளை நீலப் பூக்களாகச் சுவரில் பதிக்க வைத்தாள். கிணற்றில் இறைத்து ஊற்றும் தண்ணீர் சுவரின் துவாரம் வழியாக நேரே உள்தொட்டியில் விழுந்தது. கூரையில் பச்சைக் கண்ணாடி. தெருப் பெண்கள் வந்து பார்த்து மூக்கின் மேல் விரல் வைத்தார்கள்.

தப்பு ஒன்றே ஒன்றுதான். அதையும் தெரிந்தே செய்தாள்.

இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டும் தண்ணீர் யார் காலிலும் படக்கூடாது என்று குழி வெட்டி மூடுவது வழக்கம். இந்த வீட்டில் மேலே ஒரு கல்லும் போட்டு வைப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் மாமி, கணவரின் தாயார், மவுத்தானபோது மூடிய குழி கொல்லையில் இருந்தது. கழிவுநீருக்குத் தோண்ட வந்த கோவிந்தராசு அந்தக் கல்லைப் புரட்டிப் பார்த்தார்.

"தண்ணி ஓடக் குழி தயாரா இருக்கும்மா. கல்லும் நல்லா வழவழன்னு இருக்கு. உள்ள பதிச்சிடவா?"

கப்பல் வர இருபது நாள்தான் இருந்தது. "பதிச்சிடுங்க," என்று சொல்லிவிட்டாள் அவள்.

பிறகு வாசனை வந்தது. கொதித்த இலந்தை இலை, அதோடு சூடம். மாமியின் மையத்தைக் குளிப்பாட்ட அவளே அடுப்பில் வைத்துக் காய்ச்சிய தண்ணீரின் அதே வாசனை. ஈரமும் பரவிப் பரவி ஒரு வடிவுக்கு வந்தது. தெற்கே இரண்டு குதிகால். வடக்கே தலை. நடுவில் அகன்ற தோள். அவள் சாண் போட்டு அளந்தாள். ஒன்பது சாண் இருந்தது. மாமி குள்ளம். அந்த வீட்டு நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம் ஒருவருக்குத்தான்.

நாளைக் காலை கல்லைப் பெயர்த்துவிட வேண்டும் என்று கோவிந்தராசுவுக்குச் சொல்லி அனுப்பினாள். அன்று நடுப்பகலிலேயே வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. கணவர் இரண்டு நாள் முன்னதாக வந்துவிட்டார்.

மஹ்பூபா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஜெய்னுலாபுதீன் சிரித்தார்.

"உடம்பெல்லாம் ரயில் கரி. குளிச்சிட்டு வந்து புள்ளையத் தூக்கறேன்."

"கிணத்தடியில குளிங்க. உள்ள இன்னும் காயலங்க."

"எட்டு வருசமா இதுக்குத்தானே காத்திருந்தேன், நிசா. விடு."

கதவு சாத்திக்கொண்டது. தொட்டியில் செம்பை முக்கும் சத்தம் கேட்டது. அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அவள் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முணுமுணுப்பு நின்றது.

தண்ணீர் நிற்கவில்லை.

மூன்று செம்பு. நிதானமாக. ஒரு நிறுத்தம். கனமான எதையோ ஒருக்களித்துத் திருப்பும் சத்தம். மறுபடி மூன்று செம்பு. அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். மாமிக்கு அவளும் ஊற்றியிருக்கிறாள்.

"என்னாங்க... என்னாங்க..."

கதவைத் தள்ளினாள். தாழ் போட்டிருக்கவில்லை.

பச்சை வெளிச்சத்தில் அவர் கல்லின் மேல் கிடந்தார். வடக்கே தலை. ஈரத்தின் ஓரத்தை விட்டு ஒரு விரல்கூட வெளியே இல்லை. அவருடைய துண்டாலேயே தாடையை உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இரண்டு கால் பெருவிரல்களும் சேர்த்துக் கட்டியிருந்தன. செம்பு மூலையில் கவிழ்ந்து, சொட்டு நீர் இல்லாமல் காய்ந்திருந்தது.

அவருக்குப் பக்கத்தில், உலர்ந்த சிமெண்டுத் தரையில், புதிதாக ஓர் ஈரம் ஊறியது. சின்னக் குதிகால்கள். சின்னத் தோள். அதை அவள் அளக்க வேண்டியிருக்கவில்லை. நேற்றுத்தான் பாவாடைக்கு அளவெடுத்திருந்தாள்.

"உம்மா."

திரும்பினாள். மஹ்பூபா வாசலில் நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இலந்தை வாசனை.

"யாரோ எனக்குத் தண்ணி ஊத்துறாங்க உம்மா."