கதவோரப் பெர்த்

மண்ணடியில் அந்த லாட்ஜ் வாசலில் ரிக்‌ஷா நின்றதும் நானும் கன்னியம்மாவும் மூட்டைகளோடு இறங்கிவிட்டோம். குப்புராஜ் மட்டும் இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தான், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி.

"அட்டாச்டு பாத்ரூம் ரூமுதானே? அப்பறம் மாத்திக் குடுத்தா பேஜாராப் பூடும்," என்றான் மேனேஜரிடம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸுக்கு ரயிலேறி வந்து நாலாவதாகப் பார்த்து அவனே தேர்ந்தெடுத்த லாட்ஜ் அது. முதல் லாட்ஜில் மூட்டைப்பூச்சி. இரண்டாவதில் ஜன்னலைத் திறந்தால் சுவர். மூன்றாவதில் மேனேஜர் இவனைப் பார்த்து எழுந்திருக்கவில்லையாம். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இரும்பு மில் சார்ஜ்மேனைப் பார்த்து எழுந்திருக்காத மனுஷன் என்ன மனுஷன்!

எதிர்வீட்டுக்காரி நான். துணைக்குப் போகிறேன் என்று எங்கள் மில் லைன் வீடுகளில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இந்த ஆள் எப்படிக் கப்பல் ஏறுகிறான் என்று கண்ணால் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பதுதான் நிஜம்.

அப்போதெல்லாம் மெட்ராஸிலிருந்து பினாங்குக்குப் போனது, எனக்குத் தெரிந்து, மொத்தமே இரண்டு கப்பல். ஒன்று பழசு, ஒன்று புதுசு. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் குப்புராஜுக்கு எட்டு மாதம் பிடித்தது. கப்பல் ஆபீஸிலிருந்து அறைகளின் படம் ஒன்றை வாங்கி வந்து டீக்கடை பெஞ்சில் விரித்துவிடுவான். ஷிப்ட் முடிந்து வருகிறவன் எல்லாம் அதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்க வேண்டும்.

"டெக்குல போறவன் மூட்டையோட மூட்டையா போறான். நான் கேபின். அதுலயும் இன்ஜின் பக்கம் வேணாம். பதினேழு வருசமா மில்லுல அதே சத்தம், கப்பல்லயும் டப்பு குடுத்துக் கேக்கணுமா? முன்னால இருந்தா ஆட்டம். சமையல் பக்கம் இருந்தா நாத்தம். நடுவுல, கடலைப் பாத்த மாதிரி. ரெண்டு பெர்த்து. ஜன்னலோரம் எனக்கு, கதவோரம் அவளுக்கு."

அந்த 'அவள்' கன்னியம்மா, அவனுடைய இரண்டாம் மனைவி. முதல் மனைவி பச்சையம்மா இறந்து மூன்று வருஷம். அவள் பெற்ற ஒரே பெண் மரகதத்தைப் பினாங்கு துறைமுகத்தில் வேலை செய்யும் பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மரகதத்தின் முதல் பிரசவத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று பச்சையம்மா இவன் காலைப் பிடித்துக் கேட்டதை என் வீட்டு ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன். "டெக்கு டிக்கெட்டு போதும், மூட்டையோட மூட்டையா போய்க்கினு வரேன்" என்று கெஞ்சினாள். "இன்னா அவசரம்" என்றான். அங்கே ஆள் துணையில்லாமல் குழந்தை தங்கவில்லை. அந்தக் கடிதம் வந்தபோது பச்சையம்மா மஞ்சள்காமாலையில் படுத்திருந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது மரகதத்துக்கு மறுபடி பிரசவம். இந்தத் தடவை ஐயா கேபினில் போகிறார்.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். நல்ல காரியத்துக்கு முன்னால் ஏரிக்கரைக்குப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கலசத்தில் அழைத்து வந்து, புதுச் சேலை வைத்துப் படைக்க வேண்டும். படைத்த சேலை பெட்டிக்குள் போய்விடும். அது அவளுடையது. அடுத்த படையல் வரை யாரும் தொடக்கூடாது.

குப்புராஜின் பூர்வீகம் சோழவரம். அந்த ஏரிக்கரையில் கூப்பிட அவன் பார்த்த நாளில் பக்கத்துப் பழைய ஓடுதளத்தில் கார் ரேஸ். காதைக் கிழிக்கும் சத்தம். பச்சையம்மாவுக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று தண்ணீரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

"பச்ச! கேபின்ல போறோம்! ரெண்டு பெர்த்து! நீயும் கூட வா!"

வீட்டைக் காப்பாற்று, பிள்ளைகளைக் காப்பாற்று என்று கேட்பார்கள். செத்தவளிடம் பெர்த் கணக்குச் சொல்லிக் கூட வரச் சொன்னவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன்.

அதோடு விட்டானா? படைத்த மஞ்சள் பட்டுச் சேலையை மறுநாளே பெட்டியிலிருந்து எடுத்துக் கன்னியம்மாவிடம் கொடுத்தான். கேபின் பாசஞ்சர் பெண்சாதி நூல் சேலையில் ஏறினால் இவன் மானம் போய்விடுமாம். புதுசு வாங்கவும் மனசு வரவில்லை.

"வேணாங்க, அது அக்காவோடது," என்றாள் அவள்.

"உங்கக்கா இன்னா எழுந்து வந்து கேக்கப் போறாளா?"

லாட்ஜில் அன்று சாயங்காலம் கன்னியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இந்த வீட்டுக்கு வந்ததைத் தவிர வேறு தப்பு எதுவும் செய்யாதவள்.

"அக்கா, மரகதம் லெட்டர்ல எம்பேரு கூட எழுதறதில்ல. நான் போய்க் கொயந்தைய குளிப்பாட்டி, பத்தியம் ஆக்கிப் போட்டா, வாய் தவறியாவது ஒரு வாட்டி அம்மான்னு கூப்புடாதா?"

"கூப்பிடும் கூப்பிடும். மொதல்ல நீ வாந்தி எடுக்காம போய்ச் சேரு," என்றேன்.

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான்க்கா போறேன்," என்றாள்.

மறுநாள் மூன்று மணிக்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டரைக்குக் கன்னியம்மா குளிக்கப் போனாள். மஞ்சள் பட்டுச் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். குப்புராஜ் கீழே மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. திறந்து கிடப்பதைப் பார்க்காமலிருக்க நான் என்ன சாமியாரா? பாத்ரூம் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இரண்டு பவுடர் டப்பா. கடல் பார்க்க ஒரு கறுப்புக் கண்ணாடி.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நின்றது.

வெளியே மண்ணடி வெயில் தகதகத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அறைக்குள் ஒரு வாசனை வந்தது. கடல் வாசனை இல்லை. ஏரிச் சேறு, அதில் அழுகும் பாசி, நடுவில் பச்சை மஞ்சள் கிழங்கு. மூன்றாவது மாடியில் ஏரி ஏது?

முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் சத்தம்.

திரும்பினேன். மஞ்சள் பட்டு கட்டி, ஈரத் தலையோடு, முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டு அவள் நின்றிருந்தாள்.

"தலைய துவட்டும்மா," என்றேன்.

முக்காடு டிரங்குப் பெட்டிப் பக்கம் திரும்பியது.

"கோவமா? சும்மாதான் பாத்தேன், ஒண்ணும் எடுக்கல."

அவள் என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள். சிமெண்டுத் தரையில் அவள் நடந்த இடமெல்லாம் ஈரம். காலடி மாதிரி இல்லை, ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போன தடம் மாதிரி. அழுகையை அடக்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

துறைமுகத்துக் கொட்டகையில் டாக்டர் ஒருவர் எல்லோரையும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா இப்படி ஜில்லுனு இருக்கீங்க?"

"குளிச்சா தலைய துவட்ட மாட்டா சார்," என்றான் குப்புராஜ். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாங்க கேபினு."

கேபின் என்றதும் டாக்டர் முத்திரை குத்தினார்.

அதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மேல்தட்டில் குப்புராஜ் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கவர்னர் மாதிரி கையாட்டினான். பக்கத்தில் மஞ்சள் பட்டு. கன்னியம்மா அழுவாள், பதிலுக்கு நானும் அழ வேண்டியிருக்கும் என்று முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கையைக்கூட அசைக்கவில்லை. கரையைப் பார்க்கவே இல்லை. கப்பல் போகப்போகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கப்பல் நகர்ந்தது.

சாயங்காலம் வரை அறை நம்முடையதுதானே, கொஞ்சம் படுத்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம் என்று லாட்ஜுக்குத் திரும்பினேன். கதவைத் திறந்தேன்.

பாத்ரூம் கதவு வெளியே தாழிட்டிருந்தது.

உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. கை ஓய்ந்துபோய்த் தட்டுகிற மாதிரி.

"அக்கா... அக்கா... யாருக்கா தாப்பா போட்டது?"

எப்படித் திறந்தேன் என்று தெரியாது. உள்ளே கன்னியம்மா ஈரப் பாவாடையை மார்பு வரை கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது.

"எம்மா நேரமா கத்திக்கினு கீறேன். பக்கத்துலதானேக்கா இருந்த? காதுல வுழல?"

நான் தாழ்ப்பாளையே பார்த்தேன்.

"கொடியில போட்ட பட்டுப் பொடவை காணோம். நீயா எடுத்த? மணி இன்னாக்கா? கப்பலுக்கு நேரமாவல?"

தூரத்தில் கப்பல் ஒரு முறை ஊதியது.

அவளுக்கு என் மாற்றுச் சேலையைக் கட்டிவிட்டு, கப்பல் ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த குமாஸ்தா பட்டியலைப் புரட்டினார்.

"குப்புராஜ், கன்னியம்மா. ரெண்டு பேரும் ஏறிட்டாங்கம்மா. பாஸ்போர்ட்டு போட்டோவும் மூஞ்சியும் ஒண்ணா வச்சுப் பாத்துத்தான் ஏத்தினோம். இதோ கைநாட்டு."

வரிசையாகக் கறுப்பு மைக் கட்டைவிரல்கள். நடுவில் ஒன்று மட்டும் மஞ்சள். இன்னும் காயாமல் பளபளத்தது.

குமாஸ்தா அதைச் சுட்டுவிரலால் தொட்டு, முகர்ந்து, முகத்தைச் சுளித்துக் கையை உதறினார். "இன்னா மையோ," என்று பட்டியலை மூடிவிட்டார்.

ரயில் பொன்னேரி தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன். "மரகதத்துக்குத் தந்தி அடிச்சிடலாம்."

கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா. நெறமாசக்காரி. படிச்சிட்டுப் பயந்துனா, போன வாட்டி மாதிரி ஆயிடப் போவுது. பிரசவம் ஆவட்டும்."

லைனில் யார் கேட்டாலும் கன்னியம்மாவுக்கு ஜுரம், அதனால் அவன் மட்டும் போனான் என்று சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்வது? ஆயுசில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை மூடி மறைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது, என் பேருக்கு. வீடு பூட்டிக்கிடக்கும் என்று மரகதம் நினைத்திருக்கிறாள். கன்னியம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் படித்தேன்.

முதலில் குப்புராஜ் தன் பங்குக்குச் சில வரி எழுதியிருந்தான். "கேபின் சுமார்தான். சாப்பாடு இரண்டு பேருக்குக் கட்டியும் இவள் ஒரு வாய் தொடவில்லை. ஏழு நாளும் கதவோரப் பெர்த்தில் விரிப்புக் கலையவில்லை, நின்றுகொண்டே வந்தாள். பேச்சும் இல்லை. அடுத்த தடவை வேறு கேபின் எடுக்க வேண்டும்."

எட்டு மாதம் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்த மனுஷன். ஏழு நாள் பக்கத்தில் நின்றது யார் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு மரகதம். ஆண் குழந்தை. இருவரும் சௌக்கியம். "பிரசவத்தில் ரொம்பக் கஷ்டமாகி, டாக்டர் கைவிட்டுவிட்டார் பெரியம்மா. சின்னம்மா உள்ளே வந்து என் தலைமாட்டில் நின்ற பிறகுதான் குழந்தை அழுதது. ராத்திரி பகல் என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. இவ்வளவு பாசத்தை நான் தெரிந்துகொள்ளாமல் போய்விட்டேன். இப்போதெல்லாம் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன்."

கன்னியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொயந்த நல்லா கீதுல்ல?"

"நல்லா இருக்கு."

"அந்தக் கடைசி வரிய இன்னொரு வாட்டி படிச்சுக் காட்டுக்கா."

படித்தேன். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவையும் படித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிச்சில்ல, எம்பேருக்குத்தானே சொல்லிச்சு," என்று எழுந்து உள்ளே போனாள்.

அது கடைசி வரி இல்லை. தாளின் பின்புறம் இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தது. வாயில் எதுவும் நிற்காதவள் என்று லைன் முழுக்கப் பேர் வாங்கிய நான், அதைப் படித்துவிட்டு, கடிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

"அம்மா இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசினார்கள் பெரியம்மா. ஊரில் தன் இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்களாம், போய் எழுப்ப வேண்டுமாம். அடுத்த கப்பலிலேயே திரும்புகிறார்கள். எந்தக் கப்பலானாலும் சரி, டெக்கு போதும் என்கிறார்கள்."