ஈர மண்ணில் பிள்ளைப்பூச்சி

மழை விட்ட அந்தி. குரும்பகரம் சாலையில் போய்க்கொண்டிருந்த ஓவியா ஸ்கூட்டியைச் சட்டென்று நிறுத்தினாள். வயலுக்குள் ஒரு குழந்தை அழுதது...

வரப்பில் ஓடினாள். யாருமில்லை. அழுகை மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. மண்டியிட்டுக் கையாலேயே தோண்டத் தொடங்கினாள்.

"என் வரப்ப ஏங்க பறிக்கிறீங்க?"

நிமிர்ந்தாள். தோளில் மண்வெட்டியோடு ஒருவன். ஈரம் சொட்டும் இமைகள்... தூக்கம் தொலைத்த கண்கள்.

"உள்ள கொழந்தை அழுவுதுங்க!"

"பிள்ளைப்பூச்சிங்க. வளைக்குள்ள கத்துது. பிள்ளை மாதிரி அழுவுறதாலதான் அந்தப் பேரு."

அவளோ பூச்சிகளின் பெயர்க்காரணம் தேடி ஊர் ஊராக அலையும் ஆராய்ச்சி மாணவி. விடுவாளா?

"இல்லைங்க. பச்சப்பிள்ளை மாதிரி யாரையும் கடிக்காதாம், அதனாலன்னு ஒரு ஊர்ல சொன்னாங்க. பிள்ளை வேணும்னு இந்தப் பூச்சிய முழுங்குவாங்களாம், அதனாலன்னு இன்னொரு ஊர்ல. அழுவுதுன்னு யாருமே சொல்லல."

"அவங்க வயல்ல அழுவலையோ என்னமோ..." சிரித்தான். அந்தச் சிரிப்பு உடனே அணைந்தது.

கார்முகில் என்று பெயர் சொன்னான். மறுநாளும் வந்தாள்... அதற்கு மறுநாளும். ஆராய்ச்சிக்குத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவன் முகம் கொடுக்கவில்லை.

"மாப்பிள்ளை வீடு பாக்கன்னு மூணு குடும்பம் வந்தாங்க. இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு, பிள்ளை பொதைச்ச மண்ணுன்னு திரும்பிட்டாங்க. பாவம் பாத்து யாரும் வர வேணாம். நீங்களுந்தான்."

சுருக்கென்றது. மண்ணைக் கிளறினாள். அகப்பட்டது. பழுப்பு உடம்பு, அகன்ற முன்கால்கள். உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"பாருங்க, இதுதான அழுதுச்சு? இனிமே..."

அழுகை நிற்கவில்லை. இன்னும் ஆழத்திலிருந்து... விக்கி விக்கி...

"இன்னொண்ணு இருக்கும்ல?" அவள் அவனைப் பார்த்தாள்.

"இருக்கலாம். பத்து வருஷமா உழுவுறேன். இந்த எடத்துல மட்டும் டிராக்டர எறக்க மனசு வரல."

பொத்திய கை விரிந்தது. பூச்சி நழுவி மண்ணுக்குள் மறைந்தது. ஓடிவிடலாம்... ஆனால் கால் அவன் பக்கமே நகர்ந்தது.

"பயமா இருக்கா?"

"ரொம்ப."

"அப்ப கெளம்புங்க."

"மாட்டேன். பாவம் பாத்து வரலைங்க... உங்களப் பாக்கத்தான் வந்தேன். நேத்தும், இன்னிக்கும்."

அவன் சாலைப் பக்கம் திரும்பினான்.

"வராதீங்கன்னு சொல்லிடணும்னுதான் நெனச்சேன்," என்றான். "நெனச்சுக்கிட்டே... காலையிலேர்ந்து ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேங்க. நீங்க வராம போயிட்டா என்ன பண்ணுவேன்னு."