முழங்கால் நம்பாத பெண்

“வலி எவ்வளவு?” என்று முழங்கால் கேட்டது.

இசக்கியம்மாள் நடுக்கோட்டில் குனிந்து நின்றபடி, “சைபர்” என்றாள். சத்தியமாகச் சைபர்தான். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அந்த இடது முட்டியில் ஒரு குத்தல் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. எண்ணெய் போட்ட கீல் மாதிரி மடங்கி நிமிர்ந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் முட்டி இரும்புக் குழாயாக விறைத்துக்கொண்டது. முகம் குப்புற விழுந்தாள். வாயெல்லாம் மண்.

முட்டியின் பக்கவாட்டில், தோலுக்கு அடியில், மிளகளவு விளக்கு ஒன்று சிவப்பாக எரிந்தது.

“கடுமையான வலி உள்ளது. மூட்டு பூட்டப்படுகிறது. ஓய்வெடுங்கள்,” என்றது காதுக்குள் குரல். என்ன கனிவு, என்ன பரிவு! பெற்ற தாய் தோற்றுப் போவாள்.

“வலிக்கலன்னு சொல்லுதேம்லா! சவமே!” என்று இசக்கி தன் முட்டியையே ஓங்கி ஓர் அறை விட்டாள். கைதான் வலித்தது.

பயிற்சியாளர் ஜெபராணி ஓடி வந்தார். “ஏட்டி, என்னாச்சு? வலிக்கா?”

“இல்லக்கா. சும்மா பூட்டிக்கிட்டு.”

“நேத்தும் இப்படித்தான சொன்ன? மூணு நாள்ல தேர்வு. அங்க போய்ச் சும்மா பூட்டிக்கிட்டுன்னா அவங்க கேப்பாங்களா?” என்று ஜெபராணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூட்டுக்காவலியைப் பற்றித் தெரியாதவர்கள் இப்போது யாரும் இல்லை. ஊரில் பாதிப் பேர் முட்டி பேசுகிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிய்ந்துபோன மூட்டு நாருக்குப் பதிலாகப் பின்தொடையிலிருந்து நார் எடுத்துத் தைப்பார்கள் அல்லவா, அப்போதே மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய வலைப்பட்டையையும் வைத்துத் தைத்துவிடுவார்கள். புது நார் இற்றுவிடும் என்று தோன்றினால் பட்டை விறைத்து மூட்டைப் பூட்டிவிடும். இது வந்த பிறகு ஒரே முட்டியை இரண்டாம் முறை அறுப்பது அநேகமாக நின்றே போனது. அதனால் அரசாங்கமும் சட்டம் போட்டுவிட்டது: காவலி இல்லாமல் மூட்டு அறுவை கிடையாது.

அதில் ஒரே ஒரு சங்கடம். வீக்கத்தை அளக்கலாம், சூட்டை அளக்கலாம். ஆனால் நார் பிய்ந்து வீக்கம் தெரிய இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முதலில் தெரிவது வலிதான். வலியை அளக்க எந்தக் கொம்பனாலும் கருவி செய்ய முடியவில்லை. ஆகவே காவலி கேட்கிறது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னதைப் பிற்பாடு வீக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இந்த ஆள் எந்த எண் சொன்னால் என்ன அர்த்தம் என்று அது கற்றுக்கொள்ளும். சிலர் எறும்பு கடித்தாலே எட்டு என்பார்கள் இல்லையா, அதற்காக.

அன்று மாலையே இசக்கி காவலி மையத்துக்குப் போனாள். அங்கே இருக்கும் ரஹ்மத் நிஷா காவலிகளின் பதிவைப் படித்துப் பார்த்துப் பழுது நீக்குகிறவர். இசக்கியின் முட்டி மீது வாசிப்பானை வைத்தவர், திரையைப் பார்த்துக்கொண்டே போனார். முதலில் நெற்றி சுருங்கியது. பிறகு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனது.

“பழுது ஒண்ணும் இல்ல இசக்கி. ஆபரேஷன் முடிஞ்ச மூணாவது வாரம் முட்டி பானை மாதிரி வீங்கியிருக்கு. அன்னைக்கு வலி எவ்வளவு சொன்ன?”

“சைபர்.”

“ஆறாவது வாரம், காலை மடக்கிப் பழக்கும்போது?”

“சைபர்தான். கூடுதலாச் சொன்னா அந்தப் பிசியோ சார் அடுத்த பயிற்சிக்கு விட மாட்டாருக்கா.”

உயிர் போகிற வலி அப்போது. துண்டைக் கடித்துக்கொண்டு சைபர் சொன்னாள். பதிமூன்று வயதில் கபடிக் களத்துக்கு வந்தவள். வலிக்கிறது என்று சொன்ன பெண்களெல்லாம் அன்றைக்கே வெளியே உட்கார வைக்கப்பட்டார்கள். சொல்லாதவர்கள் ஆடினார்கள். பதினான்கு வருடமாக அந்த வாய்க்குப் பழக்கம் அது. ஒரு பட்டையைத் தைத்துவிட்டால் மாறுமா?

“சரி, இந்தப் பத்து என்னது? நாலாவது மாசம் ஒண்ணு, அஞ்சாவது மாசம் ரெண்டு. வீக்கம் சுத்தமா இல்ல. ஆனா பத்து, பத்துன்னு கத்தியிருக்க.”

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். “பொண்ணு பாக்க வந்தாவ அக்கா. அம்மை சேலையக் கட்டுன்னா. எந்திரிக்கவே முடியலன்னு படுத்துக்கிட்டேன். அவளுக்குக் கேக்கணும்னுதான் சத்தமாச் சொன்னேன்.”

“மூணு தடவையா?”

“மூணு மாப்பிள்ள வந்தாம்லா.”

ரஹ்மத் நிஷா சிரித்துத் தீர்த்துவிட்டு வாசிப்பானைக் கீழே வைத்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “அது உன்னைப் பழிவாங்கல. உன் பாஷையக் கத்துக்கிட்டிருக்கு. நீ சைபர்னு சொன்னா உனக்கு உயிர் போகுதுன்னு அர்த்தம். பத்துன்னா சௌக்கியம்.”

“இப்ப நெசமாவே சைபர்க்கா. அழிச்சிட்டு முதல்லேருந்து கத்துக்கச் சொல்லுங்க.”

“வெளியிலேருந்து அழிக்க முடியாது, சட்டப்படி முத்திரை வெச்சிருக்கு. முட்டியைத் திறக்கணும். திறந்தா மறுபடி ஒன்பது மாசம். இல்லேன்னா ஆறு மாசம் உண்மையையே சொல்லிட்டு வா. கொஞ்சம் கொஞ்சமா நம்ப ஆரம்பிக்கும்.”

“எனக்கு மூணு நாள்தான் இருக்கு.”

கடற்காற்று மின்னாலை அணிக்கு இரண்டு பேரை எடுக்கிறார்கள். எடுபட்டால் ஆலையிலேயே நிரந்தர வேலை. அடுத்த மாதம் இசக்கிக்கு இருபத்தேழு முடிகிறது. முடிந்தால் எந்த அணியிலும் சேர்க்க மாட்டார்கள். இனி ஒரு தேர்வு அவளுக்கு இல்லை. இதையெல்லாம் ரஹ்மத் நிஷாவிடம் சொல்லி என்ன பயன்? அவராவது மனுஷி, பாவம் என்றாவது நினைப்பார். முட்டிக்கு அதுவும் கிடையாது.

மையத்துப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுகையில் கோபம் வந்தது. கோபத்தில் யோசனை வந்தது. எழுந்து, தெருவில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக, “பத்து” என்றாள்.

“நன்று. முழு வேகம் அனுமதிக்கப்படுகிறது,” என்றது காது. விளக்கு பச்சையானது. பட்டை தளர்ந்தது. தெருமுனை வரை ஓடினாள். திரும்பி ஓடி வந்தாள். குதித்தாள், ஒற்றைக் காலில் சுழன்றாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் இனி வாயைத் திறந்தால் எதைச் சொல்லக் கூடாதோ அதைத்தான் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜெபராணியிடம் மூச்சு விடவில்லை. காவலி கோணலாகக் கற்றுக்கொண்ட பெண்ணை எந்தப் பயிற்சியாளர் களத்தில் இறக்குவார்? “சரி பண்ணிட்டாங்கக்கா,” என்று மட்டும் சொன்னாள்.

தேர்வு நாளன்று நல்ல வெயில். தேர்வாளர் தணிகாசலம் குடையடியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் விதியை ஒருமுறை வாசித்தார். முன்பெல்லாம் தோற்கிற அணி நேரத்தைக் கடத்த ஆளை விழச் சொல்லி, ஐயோ அம்மா என்று அலற விடும். அந்தக் கூத்தை ஒழிக்க வந்த விதி: காவலி வைத்தவர்கள் விழுந்தால் விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் தூக்குப்படுக்கை. பச்சை என்றால் முப்பது எண்ணுவதற்குள் எழுந்து ஆட வேண்டும், இல்லாவிட்டால் நடிப்புக் குற்றம், ஆட்டத்தை விட்டே நீக்கம்.

ஒவ்வொரு முறை பாடிப் போகும்போதும் இசக்கி நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிடுவது போலக் குனிந்து உதட்டுக்குள் “பத்து” என்றாள். பச்சை. போனாள், தொட்டாள், வந்தாள். என்ன ஆட்டம்! ஒன்பது மாதம் கட்டிலில் கிடந்தவள் என்று யார் சொல்வார்? ஏழு புள்ளி, எட்டு, ஒன்பது. தணிகாசலம் குடையை விட்டு வெயிலுக்கே வந்து நின்று பார்த்தார். ஜெபராணி தன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது மூலையில் நின்றவள் பாய்ந்து இசக்கியின் இடது கணுக்காலைப் பிடித்தாள். இன்னொருத்தி பக்கத்திலிருந்து தொடையில் மோதினாள். பாதம் மண்ணில் ஊன்றியிருக்க, மேல்கால் மட்டும் திரும்பியது. உள்ளே ‘டப்’ என்றது. அந்தச் சத்தத்தை ஒன்பது மாதத்துக்கு முன் ஒருமுறை கேட்டிருக்கிறாள். ஆனாலும் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கையை நடுக்கோட்டில் போட்டுவிட்டாள். இரண்டு புள்ளி! களமே ஆர்ப்பரித்தது.

பிறகுதான் வலி வந்தது. கண் இருட்டியது.

“வலி எவ்வளவு?”

பதினான்கு வருடப் பழக்கமெல்லாம் பறந்துபோனது. “பத்து! ஐயோ அம்மா, வலிக்கு! பத்து! பத்து!” என்று இசக்கி கத்தினாள். வலிக்கிறபோது வலிக்கிறது என்று அவள் வாழ்நாளில் சொன்னது அதுவே முதல் தடவை.

“நன்று. முழு வேகம் அனுமதிக்கப்படுகிறது.”

பட்டை இன்னும் தளர்ந்தது. கீழ்க்கால் தனக்குச் சம்பந்தமில்லாதது போல ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே மிச்சமிருந்த இழைகள் ஒவ்வொன்றாக இழுபடுவது தெரிந்தது.

நடுவர் குனிந்து விளக்கைப் பார்த்தார். “பச்சை. ஒண்ணு, ரெண்டு, மூணு…”

“சார், நெசமாவே வலிக்கு சார்! பிஞ்சிட்டு சார்!”

“விளக்கு பச்சைம்மா. நாலு, அஞ்சு…”

களத்து மருத்துவர் வந்தார். அவரும் முகத்தைப் பார்க்காமல் முட்டியைப் பார்த்தார். “காவலி நல்லாருக்குன்னு சொல்லுதே,” என்று எழுந்துகொண்டார். தணிகாசலம் உச்சுக்கொட்டினார். “நல்லா ஆடுற பிள்ளை. இப்படி நடிக்கணுமா?” ஒவ்வொரு தடவை ‘வலிக்கு’ என்றபோதும் பச்சை இன்னும் பளிச்சென்று எரிந்தது. பதினெட்டு, பத்தொன்பது. பக்கத்தில் ஆடுகிற பெண்கள் கையைப் பிடித்துத் தூக்க வந்தார்கள். தூக்கி நிறுத்தினால் அந்தக் கால் மீது உடம்பு இறங்கும். அத்தோடு சரி, இனி நடப்பதே சந்தேகம்.

வேலையும் போச்சு, அணியும் போச்சு. காலாவது மிஞ்ச வேண்டும். இசக்கி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“சைபர்,” என்றாள். “வலிக்கல. ஒண்ணுமே வலிக்கல.”

பட்டை விறைத்தது. சரிந்த கால் நேராகி நின்றது. விளக்கு சிவந்தது. உடனே எல்லோரும் பதறினார்கள். தூக்குப்படுக்கை வந்தது, மருத்துவர் ஓடி வந்தார், தணிகாசலம் தன் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு, “பாவம்” என்றார்.

களத்துக்கு வெளியே வரும்போது ஜெபராணி கூடவே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி, எங்க வலிக்கு? மறைக்காமச் சொல்லு.”

இசக்கி வாயைத் திறந்தாள். வலிக்கிறது என்று உண்மையாக ஒரு சொல் வெளியே வந்தால் போதும், பூட்டு திறந்துவிடும். மருத்துவமனை பதினைந்து கிலோமீட்டர்.

“எங்கயும் இல்லக்கா.”

“அன்னைக்கு மாதிரி சும்மா பூட்டிக்கிட்டா?”

இசக்கி தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. தேர்வு போன துக்கம் என்று ஜெபராணி நினைத்துக்கொண்டார்.

“அப்பாடா. எனக்கு உயிரே போயிட்டு,” என்று அவள் தலையைத் தடவிவிட்டு, அடுத்தவளைப் பாடிப் போக அனுப்ப வேண்டும் என்று ஜெபராணி களத்துக்குத் திரும்பி ஓடினார்.

தூக்கிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் நின்றார். “பாப்பா, வலி இல்லைல்லா?”

“இல்லண்ணே,” என்றாள் இசக்கி.

“அப்ப அவசரமில்லடே, இங்கன நெழல்ல வை,” என்று அவர் மற்றவரிடம் சொன்னார். “மேட்ச் முடியட்டும். பொறவு வண்டியக் கூப்புடலாம்.”