சிரிப்புக்கு விட்ட இடம்

சிரிப்பு வரக்கூடாத இடத்தில் சிரிப்பு வந்தது. துஷாந்தினி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி பாதி வழியில் நின்றது.

முன்னறையில் அவள் கணவன் கார்த்திகன் பழைய நாடகம் ஒன்றைக் கணினியில் ஓடவிட்டிருந்தான். வீட்டுச் சொந்தக்காரர் வாடகை கேட்கிறார். குடியிருப்பவர், “ஐயா, எங்களுக்கு முதலே மழை இஞ்ச குடிவந்திட்டுது, அதிட்டக் கேளுங்கோ” என்கிறார். உடனே ஒரு மண்டபமே குலுங்குவதுபோலச் சிரிப்பு.

பகிடி பழசு, அது போகட்டும். துஷாந்தினியை உறுத்தியது சிரிப்புத்தான். அந்த நாடகத்தில் சிரிப்பே கிடையாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

நாடகத்தின் பெயர் ‘மேல்மாடிக் குடும்பம்’. எண்பதுகளின் கடைசியில், தமிழுக்கென்று தொலைக்காட்சியில் ஒதுக்கிய சொற்ப நேரத்தில் சில மாதம் ஓடி, ஒருவரும் கவலைப்படாமல் நின்றுபோனது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அப்போது அவள் குடும்பம் குடியிருந்த வீட்டின் மேல்தட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. அவளும் தம்பி நிரோஷனும் அங்கே தரையில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்து பார்ப்பார்கள். நடிகர்கள் பகிடியைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு அப்படியே நிற்பார்கள். ஒருவரும் சிரிக்காத அந்த மௌனத்தில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள்போல, எங்கோ பார்த்தபடி நிற்பார்கள். பிறகு அடுத்த வசனம். ஏன் அப்படி நிற்கிறார்கள் என்று அந்த வயதில் விளங்கவில்லை.

அக்காவும் தம்பியும் அதையே ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார்கள். ஒருவர் ஏதாவது சொல்லிவிட்டு அசையாமல் நிற்க வேண்டும், மற்றவர் சிரிக்கக்கூடாது. தோற்பது எப்போதும் நிரோஷன்தான். முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு மூச்சை உள்ளுக்கு இழுத்து விக்கல்போல ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் சிரிப்பு உடையும். வளர்ந்து மீசை வைத்த பிறகும் அவன் அப்படித்தான் சிரித்தான்.

ஒருநாள் பின்னேரம் பாண் வாங்க வெள்ளவத்தைக் கடைத்தெருவுக்கு இறங்கினான். “வாறன் அக்கா” என்றான். அது நாட்டில் சண்டை உச்சத்தில் இருந்த காலம்; ஆட்களைக் கடத்திக்கொண்டு போகும் வெள்ளை வேன்களின் காலம். அவள் சம்பலை மூடி வைத்தாள். அவன் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

“இஞ்சேருங்கோ, இந்த நாடகத்தில சிரிப்பு இருந்ததோ?” குசினி வாசலில் வந்து நின்று கேட்டாள்.

“இருக்குதுதானே. கேக்குதில்லையோ?” கார்த்திகன் திரும்பவில்லை. “நீர் அப்ப சின்னப்பிள்ளை. மறந்திருப்பீர்.”

மறந்துபோன தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவைகளையும் பேட்டி நிகழ்ச்சிகளையும் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றுவது அவனுக்குப் பிடித்த வேலை. அலுவலகம் விட்டு வந்தால் அதுதான். கொட்டாஞ்சேனையில் இருக்கும் நாகமணி என்ற வயோதிபர், அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர், ஒரு பெட்டி நிறைய வீடியோ நாடாக்களைத் தூக்கிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து கார்த்திகனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. ‘மேல்மாடிக் குடும்பம்’ ஏறிய கிழமையே கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் கண்ணீர்விட்டு எழுதினார்கள். அவன் சந்தோஷப்பட்டதில் அவளுக்கும் சந்தோஷந்தான்.

ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டில் தங்கிவிட்டது. கடலுப்பு அரித்த ஜன்னல் கம்பிகளுக்கு ஊடாக காலி வீதியின் ஹோன் சத்தமும், கீழ்க்கடையில் கொத்து ரொட்டி வெட்டும் தாளமும், கடற்கரையோரம் ஓடும் ரயில் ஜன்னல் கண்ணாடியை நடுக்கிக்கொண்டு போகும் ஓசையும் வந்து கலந்துகிடந்த அந்தப் பின்னேரங்களில், எல்லாவற்றுக்கும் மேலே அது எழும்பும், அடங்கும், மறுபடி எழும்பும். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு கடைசியாக ஒருவன் மட்டும் விட்டுவிட்டுச் சிரிப்பான். அந்த ஒருவன் சிரிக்கும்போது அவளுக்குக் கழுத்தடியில் குளிர்ந்தது.

சிரிப்பதற்கு முன்னால் அவன் மூச்சை உள்ளுக்கு இழுத்தான்.

மழை மூட்டமான ஒரு சனிக்கிழமை பின்னேரம், கார்த்திகன் இடியப்பம் வாங்கப் போன நேரம் பார்த்து, அவள் நாகமணிக்கு ஃபோன் எடுத்தாள்.

“சிரிப்போ?” கிழவர் இருமினார். “நாங்கள் ஒரு நாளும் சிரிப்புப் போடேல்ல பிள்ளை. ஸ்டூடியோவுக்குள்ள சனத்தை விடமாட்டினம். பிறகு சிரிப்பை எடுத்து ஒட்டலாம் எண்டு, ஒவ்வொரு பகிடிக்குப் பின்னாலயும் இடம் விட்டு நடிக்கச் சொன்னம். ஒட்டுறதுக்கு ஒருத்தரும் வரேல்ல. வெறும் இடத்தோடயே ஒளிபரப்பாச்சுது. அதாலதான் நாடகம் படுத்தது.”

“அப்ப நாடாவில சிரிப்பு வராதோ, அங்கிள்?”

“எங்கயிருந்து வரும்?”

ஆகவே கார்த்திகன் பொய் சொல்லியிருக்கிறான். அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. எங்கேயோ கிடந்த சிரிப்பை எடுத்து ஒட்டியிருப்பான், இதற்கு ஏன் பொய் என்று நினைத்தபடி அவன் கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். நாடகத்தின் கோப்புகளுக்குப் பக்கத்தில் ‘சிரிப்பு – தெமட்டகொடை’ என்று ஒன்று இருந்தது. ஒளித்து வைக்கக்கூட இல்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள்.

முதலில் கிளாஸ் உரசும் சத்தம். கதிரைக் கால்கள் தரையில் இழுபட்டன. தெமட்டகொடையில் கணவனின் கூட்டாளி கஜேந்திரன் வீட்டு மொட்டைமாடி. கீழே ரயில் யார்டில் பெட்டிகள் மோதும் ஓசை கேட்டது. கார்த்திகனின் சிநேகிதர்கள். நாடகத்துப் பகிடியை யாரோ படித்தார்கள். ஒருவரும் சரியாகச் சிரிக்கவில்லை. “இப்பிடிச் சிரிச்சா பொய் எண்டு தெரியும்” என்றான் கார்த்திகன். “பொறுங்கோ, உண்மையாச் சிரிக்கிற மாதிரி ஒண்டு சொல்லுறன்.”

பிறகு சொன்னான்.

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மச்சான். அறைக்கதவைச் சாத்திப்போட்டு. அந்த நம்பர் செத்து எவ்வளவு காலம்! மூண்டு பாஷையிலயும் ஒருத்தி சொல்லுறாள், அப்பிடி ஒரு நம்பரே இல்லையெண்டு. இவள் விடமாட்டாள். ‘தம்பி, சாப்பிட்டியா?’” அவளுடைய குரலை அவன் மெல்லியதாக, மூக்கால் செய்து காட்டினான். “கேட்டிட்டு, பதில் வாற அளவுக்கு இடமும் விடுவாளடா!”

மாடியே வெடித்தது. அதே சிரிப்பு. ‘மேல்மாடிக் குடும்ப’த்தில் எல்லாப் பகிடிக்கும் பின்னால் வருகிற அதே சிரிப்பு.

அவள் அசையாமல் இருந்தாள். நிரோஷனின் நம்பருக்கு வெள்ளிக்கிழமைகளில் ஃபோன் எடுக்கும் கதையை உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். கலியாணம் முடித்த முதல் வருடம், கரண்ட் இல்லாத ஒரு பொழுதில், அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. அவன் அன்றைக்கு அழுதான். சென்ற மாதம் கஜேந்திரனின் மனைவி கோயிலில் கண்டு, தேவையில்லாமல் கையைப் பிடித்து, “சுகமா இருக்கிறீங்களோ?” என்று கேட்டது ஏன் என்பது இப்போது விளங்கியது. கனடாவும் லண்டனும் கேட்டுக்கொண்டிருப்பது தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்பதும் விளங்கியது. அவமானத்தில் காது இரண்டும் கொதித்தன.

கதவு திறந்தது. இடியப்பத்தின் சூடான மணம். கார்த்திகன் அவளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தான்.

“துஷா, அது சும்மா ஒரு பகிடிக்கு...”

“என்ர தம்பியை வித்துச் சிரிச்சனீங்கள்.”

“ஒருத்தருக்கும் அது ஆரெண்டு தெரியாது. சிரிப்பு மட்டுந்தானே வெட்டிப் போட்டனான்.”

“என்ர குரலையும் செய்து காட்டினீங்கள்.”

அவன் இடியப்பப் பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

“மாடியில ஆர் ஆர் இருந்தது?”

“கஜேன், நான், இன்னும் ரெண்டு பேர்.”

“அப்ப கடைசியாச் சிரிக்கிறது ஆர்? மூச்சை உள்ளுக்கு இழுத்துச் சிரிக்கிறவன்?”

கார்த்திகன் புருவத்தைச் சுருக்கினான். “அதோ? அது நான் போட்டது இல்லை. நாடாவிலயே கிடந்தது. ஸ்டூடியோவில ஆரோ வேலை செய்த பெடியன் போல. ஒவ்வொரு இடத்திலயும் அவன் ஒருத்தன் தனியச் சிரிக்கிறான். தனியச் சிரிச்சா விசரன் மாதிரிக் கேக்கும் எண்டுதான் மற்றச் சிரிப்பெல்லாம் சேர்த்தனான்.”

மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கோபமோ வெட்கமோ வந்திருக்க வேண்டும். பையை மேசையில் போட்டுவிட்டு, “உம்மோட இப்ப கதைக்கேலாது” என்று குடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். அவன் செருப்புச் சத்தம் படிகளில் தேய்ந்து மறைந்தது.

துஷாந்தினி நாடாக்களின் பெட்டியைத் திறந்தாள். பூஞ்சணமும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த மணம். நாடகத்தில் தொலைபேசி வரும் அத்தியாயம் எதுவென்று அவளுக்குத் தெரியும். கார்த்திகன் கைவைக்காத அசல் நாடாவை டெக்குக்குள் தள்ளினாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆனால் அறைக்குள், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில், சோபாவுக்குப் பின்னால், இருட்டு முன்னதாகவே வந்து நின்றது.

அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தொலைபேசி இணைப்புக்கு வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். நாடகத்து மனைவி இணைப்பு வருவதற்கு முன்னமே ஃபோனை வாங்கி, பின்னல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். அயல்வீட்டுக்காரி வந்ததும் எடுத்துக் காதில் வைக்கிறாள். ஜேர்மனியில் இருக்கும் தம்பியோடு கதைக்கிறாளாம். அயல்வீட்டுக்காரி கீழே குனிந்து, எங்கேயும் பொருத்தாத வயரின் நுனியைத் தூக்கிக் காட்டுகிறாள். கணவன் வாசலில் நின்று பார்க்கிறான்.

“தம்பி,” என்றாள் நாடகத்து மனைவி. “சாப்பிட்டியா?”

மூவரும் நின்றார்கள். சிரிப்புக்கு விட்ட இடம்.

சிரிப்பு வரவில்லை.

துஷாந்தினி காத்திருந்தாள். ஒருவன் தனியச் சிரிக்கிறான் என்றானே, எங்கே அவன்? மௌனம் நீண்டது. அடுத்த வசனம் வரவேண்டிய நேரம் கடந்தது. நாடா ஓடிக்கொண்டுதான் இருந்தது. டெக்கின் உறுமல் கேட்டது. படம் உறையவில்லை. அயல்வீட்டுக்காரியின் கையில் வயர் நுனி மெல்ல ஆடியது. கணவன் கண் சிமிட்டினான். நாடகத்து மனைவி விழுங்கியபோது தொண்டை அசைந்தது.

மூவரும் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே கொத்து வெட்டும் சத்தம் நின்றிருந்தது. ரயில் வரவில்லை. மழைச் சத்தம்கூட இல்லை.

அவர்கள் காத்திருந்தார்கள்.

அவளுடைய கை கைத்தொலைபேசியைத் தேடி எடுத்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. விரல் தானாக அந்த எண்ணை அழுத்தியது. காதில் வைத்தாள். முதலில் சிங்களத்தில் வரும். பிறகு தமிழில். பிறகு ஆங்கிலத்தில். அந்தப் பெண்ணின் குரல் அவளுக்கு மனப்பாடம்.

குரல் வரவில்லை.

கிளிக் என்று ஒரு சத்தம். எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு பெரிய அறையின் வெறுமை. பல பேர் சத்தம் போடாமல் இருக்கும் அறை.

“தம்பி...”

திரையில் நாடகத்து மனைவி, சொல்லு என்பதுபோல, மெல்லத் தலையாட்டினாள்.

“சாப்பிட்டியா?”

இடம் விட்டாள். வழக்கம்போல. பதில் வருகிற அளவுக்கு.

தோள் குலுங்குவது கேட்காது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது. பிறகு மூச்சு உள்ளுக்கு இழுபட்டது. விக்கல்போல.

நிரோஷன் சிரித்தான்.

வாய்விட்டு, அடக்கமுடியாமல், இத்தனை வருட வெள்ளிக்கிழமைகளையும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் சிரிப்பதுபோலச் சிரித்தான். அவனுக்குப் பின்னால் மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஃபோனிலும் சிரித்தது, நாடாவிலும் சிரித்தது, சோபாவுக்குப் பின்னால் இருந்த இருட்டிலும் சிரித்தது. திரையில் மூவரும் பெருமூச்சு விட்டு, நிம்மதியாக, அடுத்த வசனத்துக்குப் போனார்கள்.

துஷாந்தினி ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு கையாலும் இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டாள். அது அவனுடைய குரல்.